பழைய கோம்பி வேனுக்கு எந்த டயர் பொருந்தும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஆசையாக வைத்திருந்த 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனை மறுபடியும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய டயர் நான்கிலும் வெடிப்பு விழுந்திருந்ததால், டவுனில் ஒரு கடையில் 195/65 ஆர் 14 டயர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரிம்மில் நன்றாகவே உட்கார்ந்தது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் மெனோரா சுரங்கப்பாதை இறக்கத்தில் பெரிய லோரி ஒன்று பக்கத்தில் கடந்து போனால் வேனின் பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடுகிறதாம். வீட்டார் ஏழெட்டுப் பேர் ஏறினால் ஆட்டம் இன்னும் கூடுகிறது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகத் திட்டம். டயரை மாற்ற வேண்டுமா, வேறு பழுதா, மாற்றினால் எந்த அளவு என்பது கேள்வி.

தம்பி, அந்த நான்கு டயரையும் மாற்றுங்கள். தைப்பூசம் வரை தள்ளிப்போட வேண்டாம். போட வேண்டியது 185 ஆர் 14 சி, எட்டு பிளை, பார எண் 102/100. நீங்கள் வேறு எதையும் படிக்க நேரமில்லாமல் கடைக்குப் போனால்கூட இந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரர் “அளவு ஒன்றுதான், இதுவும் பதினாலு, அதுவும் பதினாலு” என்று சொல்லும்போது நீங்கள் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடைக்காரர் பார்த்தது ரிம் அளவை மட்டும். 14 அங்குலம், சரி. ஆனால் 195/65 ஆர் 14 என்பது காருக்குச் செய்த டயர். அதன் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் 89 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பார எண். 89 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 580 கிலோ தாங்கும். இப்போது வேனைப் பாருங்கள். கோம்பி முழுப் பாரத்தில் 2,200 கிலோவையும் தாண்டும். இன்ஜின் பின்னால் இருக்கிறது, கியர்பாக்ஸும் பின்னால், சாமான் வைக்கிற இடமும் இன்ஜினுக்கு மேலேயே. ஆகவே பின் அச்சில் மட்டும் 1,200 கிலோவுக்கு மேல் வந்துவிடும். இரண்டு டயருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 600 கிலோவுக்கும் மேல். 580 தாங்கும் டயரில் 600க்கு மேல் ஏற்றி, 90 கிலோமீட்டர் வேகத்தில், வெயில் காயும் தார்ச்சாலையில், ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓடுகிறீர்கள். வேன் ஆடுவது இதனால்தான். ஆட்டம் பரவாயில்லை, உங்களுக்கு ஓர் எச்சரிக்கையாவது கொடுக்கிறது. எனக்குப் பயமாக இருப்பது சூடு. தாங்கமுடியாத பாரத்தில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிரும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் இழையும் ரப்பரும் பிரிய ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் தோல் உரிந்து வெடிக்கும், அதுவும் பின்டயர்.

கடைசியில் வருகிற ‘சி’ எழுத்து வேன், சின்ன லோரி போன்ற பாரவண்டிக்குச் செய்த டயர் என்பதைக் காட்டுகிறது. எட்டு பிளை என்பதை எட்டு அடுக்கு இழை உள்ளே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பருத்தி இழைக் காலத்துக் கணக்கில் எட்டு அடுக்குக்குச் சமமான பலம் என்றுதான் பொருள். உள்ளே உண்மையில் இரண்டோ மூன்றோதான் இருக்கும், ஆனால் பக்கச்சுவர் கெட்டி. 102/100 என்று இரண்டு எண் இருப்பதற்குக் காரணம், ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் போட்டால் 850 கிலோ, லோரி மாதிரி ஜோடியாகப் போட்டால் ஒவ்வொன்றும் 800 கிலோ. உங்களுக்கு முதல் எண் போதும். அதற்கடுத்து வரும் எழுத்து வேகத்துக்கு. ‘க்யூ’ என்றால் 160, ‘ஆர்’ என்றால் 170 கிலோமீட்டர். கோம்பிக்கு இரண்டில் எதுவானாலும் தாராளம், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை அனுபவம் உள்ளவர்களே தவற விடுகிறார்கள். அந்த 850 கிலோ என்ற கணக்கு, டயரில் 65 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று இருந்தால்தான். சி டயரை வாங்கிப் போட்டுவிட்டு, கார் மாதிரி நான்கிலும் 32 அடித்தால் அதன் பலத்தில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைக்காது. டயருக்குள் இருக்கும் காற்றுதான் பாரத்தைச் சுமக்கிறது, டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதற்காக 65 அடிக்கவும் கூடாது, வேன் துள்ளும், மழையில் பிடிப்பு போகும். கோம்பிக்கு முன்டயர் 30, பின்டயர் 40 என்று வைத்துத் தொடங்குங்கள். ஆள் நிறைய ஏறி, பின்னால் அண்டா குண்டா எல்லாம் வைத்துப் போகும் நாளில் பின்டயரை 45க்குக் கொண்டுபோங்கள். நம் பெட்ரோல் நிலையத்துக் காற்றுப் பெட்டியில் கேபிஏ, அதாவது கிலோபாஸ்கல் கணக்கில் காட்டினால் முன்னுக்கு 210, பின்னுக்கு 280, நிறைபாரத்தில் 310. முன்னும் பின்னும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். பின்னால் கனமான வண்டிக்கு நான்கிலும் ஒரே காற்று அடித்தால், வளைவில் பின்பக்கம் முதலில் பிடிப்பை விடும். காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காற்றைப் பாருங்கள். ஓடி வந்து சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

அடுத்தது உயரம். 185 ஆர் 14 என்று எழுதினால் நடுவில் 65, 70 மாதிரி சதவீதம் இருக்காது. அந்தப் பழைய எழுத்துமுறையில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80, 82 சதவீதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். முழு டயரின் விட்டம் சுமார் 650 மில்லிமீட்டர் வரும். இப்போது நீங்கள் போட்டிருப்பது 609தான். வேன் தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. கோம்பியில் மீட்டர் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருவதால், மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 94இல்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். அது பெரிய நஷ்டமில்லை. ஆனால் அதே வேகத்தில் போக இன்ஜின் 6 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டும். தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் இன்ஜின் அது. நம் ஊர் வெயிலில், ஏற்றத்தில், அந்தக் கூடுதல் சுற்று அதற்குத் தேவையில்லாத சுமை. அந்தக் கோம்பிக்குத் தொழிற்சாலையில் போட்டதே 185 ஆர் 14 ரேடியல்தான், அதாவது இழை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் டயர். அதற்கு முந்தைய மாடல்களுக்கு 7.00-14 என்ற குறுக்கு இழை டயர், அதில் இழை சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும். கியர் விகிதம், ஸ்டீயரிங், சக்கரக்கூட்டில் விட்ட இடைவெளி எல்லாம் அந்த உயரத்தை மனதில் வைத்துச் செய்தவை.

185 கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? பெரும்பாலும் கிடைக்கும். கார் டயர்க் கடையில் கேட்காதீர்கள், லோரிக்கும் வேனுக்கும் போடுகிற கடையில் கேளுங்கள். 14 அங்குல சி டயர் ஓடுகிற வேனும் குட்டி லோரியும் இன்னும் ரோட்டில் இருப்பதால் ஈப்போவிலோ கோலகங்சாரிலோ தேடினால் அகப்படும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வரவழைத்துத் தருவார்கள். அப்படியும் அமையவில்லை என்றால் 195 ஆர் 14 சி. விட்டம் 666 மில்லிமீட்டர் அளவில் வரும், பார எண் 106/104, பலத்தில் குறையே இல்லை. கொஞ்சம் உயரம், கொஞ்சம் கனம், ஸ்டீயரிங் நிறுத்தும் இடத்தில் இன்னும் கெட்டியாக இருக்கும், இழுவை லேசாகக் குறையும். ஸ்பிரிங் இறக்காத வேனில் உரசாது. தோட்டத்து உள்சாலையில்தான் அதிகம் ஓட்டம் என்றால் நானே இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 195/70 ஆர் 14 என்று ஒன்று காட்டுவார்கள், வேண்டாம். அதன் பார எண் 91, அதாவது 615 கிலோ, கழுத்து வரை தண்ணீரில் நிற்பது மாதிரி.

சிலர் மெர்சிடிஸ் ரிம் போட்டு 15 அங்குலத்துக்குப் போகிறார்கள். 1970 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த கோம்பியில் சக்கரம் மாட்ட ஐந்து துளை, அந்தத் துளைகள் அமையும் வட்டம் 112 மில்லிமீட்டர், மெர்சிடிஸிலும் அதேதான் என்பதால் ரிம் ஏறிவிடும். ஏறுவதும் பொருந்துவதும் வேறு. ரிம்மின் உள்தள்ளல், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே உட்காருகிறது என்பது, மாறினால் டயர் மட்காட்டுக்கு வெளியே நீட்டும், ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) சோதனையில் பிடிபடும். நட்டு போல்ட்டின் இருக்கை வடிவமும் ரிம்முக்கு ரிம் வேறு. காருக்குச் செய்த ரிம்முக்கும் பாரக் கணக்கு உண்டு என்பதை யாரும் யோசிப்பதில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் 15தான் வேண்டும் என்றால் 195/70 ஆர் 15 சி என்ற வேன் டயரைப் பாருங்கள். விட்டம் 654, ஏறக்குறைய பழைய உயரமே வந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், அப்பா ஓட்டிய வண்டிக்கு அதன் இரும்பு ரிம்மும் நடுமூடியும்தான் அழகு.

இனி டயரின் வயது. அளவு சரியாக இருந்தும் பலர் ஏமாறுவது இதில்தான். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் குனிந்து பாருங்கள். கோம்பி அளவு தினம் விற்கிற சரக்கு அல்ல, கடையின் மேல்தட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஷா ஆலாமில் 1972 முதல் ஓடிய குட்இயர் தொழிற்சாலையும் 2024இல் மூடிவிட்டது. பல டயர் வெளிநாட்டிலிருந்து வந்து, கிடங்கில் இருந்துதான் நம் கைக்கு வருகிறது. இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கொண்டுவரச் சொல்லுங்கள். போட்ட பிறகு, பட்டன், அதாவது தரையில் படும் மேல்தோலின் வெட்டுக்கட்டைகள், எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஆறு வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறை நல்ல கண் உள்ளவரிடம் காட்டுங்கள், பத்து வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் நான் எட்டிலேயே கழற்றிவிடுவேன்.

பால்மரத்தோடு வளர்ந்தவர்களுக்கு ரப்பரின் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. 1877இல் கன்று வந்து நட்டது நமக்குப் பக்கத்துக் கோலகங்சாரில்தான், அந்தக் கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்னும் அங்கே நிற்கிறது. நம் தாத்தா பாட்டி வெட்டிய பாலிலிருந்து வருகிற இயற்கை ரப்பர், செயற்கை ரப்பரைவிடக் குறைவாகச் சூடாகும், எளிதில் கிழியாது. அதனால்தான் பாரவண்டி டயர்களில் அதன் பங்கு அதிகம். ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதற்கு ஆகாது. அதைத் தடுக்க டயரில் ஒருவகை மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள். டயர் ஓடி மடங்கி நிமிரும்போது அவை மெல்ல மேலே வந்து தோலை மூடிக் காக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அது சரியாக நடப்பதில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வேனில் பட்டன் புதிதாகவே இருந்து பக்கச்சுவர் வெடிப்பது இதனால்தான். மாதம் இரண்டு முறையாவது ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். நிற்கும் இடம் நிழலாக இருக்கட்டும். டயர் பளபளக்கப் பூசுகிற எண்ணெயை விட்டுவிடுங்கள், சோப்புத் தண்ணீர் போதும்.

பாதி தேய்ந்த பழைய டயரை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். கோம்பிக்கு வேண்டாம். அது எந்த வண்டியில் எந்தப் பாரத்தில் ஓடியது, எத்தனை முறை காற்றில்லாமல் உருண்டது என்பது யாருக்கும் தெரியாது. சேலுப் டயர், அதாவது மேல்தோல் புதிதாக ஒட்டியது, முறையாகச் செய்தால் லோரிக்கு நல்ல சரக்குதான். குடும்பம் ஏறுகிற வேனின் பின்னச்சில் நான் போட மாட்டேன்.

தோட்டத்து ரோட்டுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு டயருக்கு ஒரு புது எதிரி, வெட்டிப் போட்ட மட்டையின் முள். தார்ச்சாலையில் ஆணி பட்டனில் ஏறும், செம்பனை முள்ளோ பக்கவாட்டிலும் குத்தும், பக்கச்சுவர் பஞ்சரை நம்பி ஒட்டவும் முடியாது. சி டயரின் கெட்டியான சுவர் இங்கேயும் கைகொடுக்கும். பட்டன் வடிவத்தில், நீளவாக்கில் மூன்று நான்கு ஆழமான கால்வாய் உள்ள வேன் டயரே நல்லது. மழைத்தண்ணீரை அது வெளியே தள்ளும், நெடுஞ்சாலையில் சத்தமும் குறைவு. செம்மண் சேற்றுக்கென்று பெரிய கட்டை கட்டையான பட்டன் வாங்கினால், தார்ச்சாலையில் போகிற மீதி நேரமெல்லாம் இரைச்சலும் மழைநாள் வழுக்கலும்தான் மிஞ்சும். கால்வாய்க்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. நம் அடைமழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது புத்திசாலித்தனம்.

மாட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். பழைய டயர் கழன்றதும் ரிம்மின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். டயர் உட்காரும் விளிம்பில் துரு செதிலாக இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகுதான் டயர் ஏற வேண்டும், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை காற்று இறங்கும். ரிம் விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு சின்ன மேடு ஓடுகிறதா என்று பாருங்கள். டயர் வளைவில் நழுவாமல் பிடிப்பது அதுதான். இருந்தால் டியூப் தேவையில்லை, இல்லாத பழைய ரிம்மாக இருந்தால் ரேடியலுக்கென்று செய்த டியூப் போட வேண்டும். வால்வு நான்கும் புதிது, இதில் சில்லறை வெள்ளியை மிச்சம் பிடிக்காதீர்கள். இதைப் படிக்கிற வேறு யாரிடமாவது 1970 ஆகஸ்டுக்கு முந்தைய வேன் இருந்தால், அதன் துளை வட்டம் 205 மில்லிமீட்டர், நடுத்துளையும் பெரிது. எல்லாக் கடையின் பேலன்சிங் மெஷினிலும் அது ஏறாது, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். குறுக்கு இழை டயர் இன்னும் ஓடுகிற வேனாக இருந்தால் ரேடியலோடு கலக்காதீர்கள், நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் இருக்கும். முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும். அதற்குள், ஓர் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும், சக்கரத்தை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், அடித்த பெயிண்ட் அமுங்கி நட்டு லேசாகத் தளர்ந்திருக்கும்.

வேறு பழுது இருக்குமா என்றும் கேட்டீர்கள். இருக்கலாம். டயரை மாற்றி, காற்றைச் சரியாக வைத்த பிறகும் ஆடினால், ஃபோர்மனிடம் சொல்லி முன்பக்க பால் ஜாயிண்ட், டை ராட் முனை, ஸ்டீயரிங் டாம்பர், ஸ்டீயரிங் பெட்டியின் தளர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐம்பது வயது வண்டியில் இவற்றில் ஒன்றாவது தேய்ந்திருக்கும். அதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் அலைன்மென்ட், தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பிடித்தால் ஒரு மாதம்கூட நிற்காது.

கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைப் பட்டை வேண்டும் என்று வீட்டில் கேட்டால், ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் செருகும் ரப்பர் வளையம் வாங்காதீர்கள். அதற்கும் டயருக்கும் இடையே மணல் புகுந்து பக்கச்சுவரை அரிக்கும், அந்தத் தேய்மானம் வளையத்துக்குப் பின்னால் மறைந்தே இருக்கும். வெள்ளைப் பட்டையோடு வார்த்த 185 ஆர் 14 ரேடியலே வருகிறது. விலை கூடும், பார எண் போதுமா என்று பார்த்து அதை வாங்குங்கள்.

அப்புறம், ஸ்பேர் டயர். நான்கு புதிது வாங்குகிறவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வேனில் இருப்பது அப்பா காலத்து டயராகத்தான் இருக்கும். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இரவில் அதை மாட்டினால் தைப்பிங் வரைகூடத் தாங்காது. ஐந்தாகவே வாங்குங்கள், ஸ்பேரில் 45 காற்று வைத்திருங்கள், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம், ரோட்டோரத்தில் ஏற்றத்தான் முடியாது. ஜாக்கும் சக்கரச் சாவியும் வண்டிக்குள் இருக்கிறதா, அந்தச் சாவி உங்கள் நட்டுக்குப் பொருந்துகிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.